பனிமூட்டத்தில் ஒரு வகுப்பு

ஒரு பதினோரு வயதுப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் ஆற அமர உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் பெரிதாக இருப்பதால் அவளை வீட்டில் முயல் என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்திலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது. பள்ளியின் மேல் மாடியில், கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து நடத்தும் தனி வகுப்பில் அவள் படிக்கிறாள். அந்த வகுப்பை நடத்துகிற டீச்சர் வேறு யாரும் இல்லை, முயலின் சொந்த அத்தை. அண்ணன் வீட்டிலேயே இருப்பவள்.

போன வாரம் கல்வித் துறையிலிருந்து மேற்பார்வையாளர் ஒரு அம்மா வந்திருந்தார். இந்தத் தனி வகுப்பு அடுத்த வருடமும் நடக்க வேண்டுமா, மூடிவிடலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர். அவருக்கு எதிரில்தான் முயல் பேனாவை வைத்தாள்.

"எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வருது மேடம். ஆனா வேண்டாம்."

மேற்பார்வையாளர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னொரு நாள் வரேன்" என்று எழுந்து போய்விட்டார்.

அந்த இன்னொரு நாள், இன்று.

டீச்சர் கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே உலகம் இல்லை. எதிர் வீடு இல்லை, தெரு விளக்கு இல்லை. வெள்ளை மட்டும் இருந்தது. ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்த பனி தெருவை அப்படியே விழுங்கி வைத்திருந்தது. ஏதோ கனவின் பாதியில் எழுந்த மாதிரி அவள் கொஞ்ச நேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் நேற்று மாலை வந்த போன் ஞாபகம் வந்தது.

சமையலறையில் அண்ணி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அண்ணன் மேஜையோரம் காபியோடு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, ஒரு விஷயம். நேத்து தலைமையாசிரியர் போன் பண்ணினார்."

"ம்."

"இன்னிக்கு முயலுக்கு லேசா ஜுரம்னு வச்சுக்கலாமேன்னு சொல்றார். அவ வீட்ல இருந்தா நல்லதாம்."

அண்ணியின் கை அப்படியே நின்றது. "என்ன ஜுரம்?"

"அதாவது... மறுபடியும் அந்த அம்மா முன்னாடி அவ ஏதாவது சொல்லிட்டா வகுப்பையே மூடிடுவாங்கன்னு பயப்படறார்."

"அவர் பயப்படறார். சரி. நீ என்ன சொன்னே?"

"யோசிச்சு சொல்றேன்னு சொன்னேன்."

"யோசிச்சியா?" அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "என் பொண்ணுக்கு ஜுரமா இல்லையான்னு யோசிக்கறதுக்கு உனக்கு ஒரு ராத்திரி வேண்டியிருக்கு. அவளை அந்த வகுப்புல சேர்க்கணும்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு? நான் கேட்டேனா? மத்த பிள்ளைங்களோட கீழ வகுப்புல இருந்தப்ப வீட்டுக்கு வந்தா அவ வாய் ஓயாது. இப்ப என்ன கேட்டாலும் 'ஒண்ணும் இல்லம்மா.' என்கிட்ட பேசறதை விட்டுட்டா. உன்கிட்டயாவது பேசறாளா?"

டீச்சரிடமும் பேசுவதில்லை என்பதுதான் உண்மை.

"ஏங்க, நீங்களாவது ஏதாவது சொல்லுங்க" என்றாள் அண்ணி.

அண்ணன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தான். லிப்ட் ரிப்பேர் செய்கிறவன். வீட்டுச் சண்டை சூடு பிடிக்கும் போதெல்லாம் ஊரில் எங்காவது ஒரு லிப்ட் நின்றுபோவது வழக்கம்.

"எட்டாவது மாடில ஒருத்தர் மாட்டிக்கிட்டு இருக்காராம்" என்று செருப்பைத் தேடினான்.

"அவரைப் பத்திரமா இறக்குங்க. இங்க மாட்டிக்கிட்டவங்களை நாங்க பார்த்துக்கறோம்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் இருவரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் பால்கனியிலிருந்து குரல் கேட்டது.

"இருக்கா?"

முயலின் குரல். யாரிடம் கேட்கிறாள்? டீச்சர் மெல்லப் போய்க் கதவருகில் நின்றாள். ஸ்வெட்டரைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பியில் சாய்ந்து, முயல் வெள்ளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடி பால்கனி ஒரு படகு மாதிரி பனியில் மிதந்தது.

எங்கிருந்தோ, ஆள் தெரியாமல், ஒரு சின்னக் குரல் மிதந்து வந்தது. "இங்க போச்சூ..."

இன்னும் தூரத்திலிருந்து வேறொன்று. "இங்க பாதி இருக்கு, பாதி போச்சு. இப்ப எங்க அப்பாவோட சைக்கிள் தெரியுது, சைக்கிள் பக்கத்துல பூனை தெரியுது..."

"அது ரேடியோ" என்றாள் முயல், திரும்பாமலே. அத்தை வந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "நிறுத்தவே மாட்டான். முதல்ல கத்தினது குண்டூசி. அவ வீடு பின் தெருவுல."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல அத்தை. நம்ம தெருவுல மட்டும் பனி ஏன் கடைசியா போகுது? ஆத்துக்குப் பக்கத்துல இருக்கற தெருவுலகூட முன்னாடியே போயிடுது. எங்களுக்கு அது தெரியணும்."

"எப்பலேர்ந்து இதைப் பார்க்கறீங்க?"

"கீழ் வகுப்புல இருக்கறப்பவே. அப்ப நிறைய பேர் இருந்தோம். காலைல அவங்கவங்க ஜன்னல்லேர்ந்து பார்ப்போம். மத்தியானம் சாப்பிடறப்ப எல்லாரும் சொல்லுவோம்." முயல் கம்பியில் படிந்த ஈரத்தை விரலால் வழித்தாள். "இப்ப மாடிக்கு சாப்பாட்டு மணி வேற, கீழ வேற. நான் சாப்பிட இறங்கறப்ப அவங்க வகுப்புக்குப் போயிடறாங்க. அதான் இப்படிக் கத்திப் பார்க்கறோம். கொஞ்சம் கொஞ்சமா எல்லாரும் விட்டுட்டாங்க. நான் பெரிய ஆளாயிட்டேன்னு நினைக்கறாங்க. இவங்க ரெண்டு பேர்தான் இன்னும்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டு நேரத்தைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கியதே அவள்தான். கூச்சல் இல்லாமல் பிள்ளைகள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று நினைத்துச் செய்தது.

"இதை நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"மாடில கேள்வி நீங்கதானே கேட்பீங்க, அத்தை. நாங்க பதில்தானே சொல்லணும்."

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. மேகம் வெள்ளையாக இருக்கிறது என்பது போலச் சொன்னாள்.

டீச்சர் உள்ளே வந்தாள். அண்ணி கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அவளுக்கு ஜுரம் இல்லை."

"தெரியும்" என்றாள் அண்ணி. போகிற போக்கில் டப்பாவை மேஜையில் வைத்தாள். "ரொட்டி ரெண்டு அதிகமா வச்சிருக்கேன். அவ யாருக்காவது கொடுப்பா."

பள்ளிக்கூடம் அவர்கள் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கும் பழைய கட்டடம். டீச்சர் மாடியேறும்போது வராந்தாவில் தலைமையாசிரியர் நின்றிருந்தார். பின்னால் வந்த முயலைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போனது.

"ஜுரம்?" என்றார், சத்தம் வராமல்.

"இல்ல சார்" என்றாள் டீச்சர்.

மாடி வகுப்பில் பிள்ளைகள் தயாராக இருந்தார்கள். கரும்பலகையில் முந்தின நாளே எழுதி வைத்த கணக்குகள். இரண்டு வருடம் கழித்துப் படிக்க வேண்டியவை. இப்போதே போடுவார்கள், பிழையில்லாமல். கடைசி பெஞ்சில் மேற்பார்வையாளர் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார். நனைந்த குடை காலடியில் படுத்திருந்தது.

டீச்சர் கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். எத்தனை பேரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வகுப்பு இது. இந்த அறைக்கு நாற்காலி வாங்க, ஒரு பழைய பூதக் கண்ணாடி வாங்க, எத்தனை படி ஏறி இறங்கியிருக்கிறாள். ஜன்னல் முழுக்கப் பனி. உள்ளே யாராவது தன்னைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கட்டும் என்று அது காத்திருப்பது போல அவளுக்குத் தோன்றியது.

டஸ்டரை எடுத்து எல்லாவற்றையும் அழித்தாள்.

"எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்குங்க. வெளியில போறோம்."

தலைமையாசிரியர் கதவருகில் ஒரு தரம் இருமினார். மேற்பார்வையாளர் குடையை எடுத்துக்கொண்டார்.

கீழே இறங்கியதும் டீச்சர் ஒரு நிமிடம் நின்றாள். பனியால் விளையாட்டு வகுப்பு நடக்கவில்லை. கீழ்ப் பிள்ளைகள் முற்றத்தில் கூடி நின்று வாயால் புகைவிட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கட்டி மேய்க்க முடியாமல் விசிலோடு நின்ற விளையாட்டு ஆசிரியரிடம், "கொஞ்ச நேரம் இவங்களை எனக்குக் கடன் கொடுப்பீங்களா?" என்றாள்.

"திருப்பியே தர வேண்டாம்" என்றார் அவர்.

அப்படித்தான் மாடிப் பிள்ளைகளும் கீழ்ப் பிள்ளைகளும் ஒன்றாகப் பின் வாசல் வழியே அந்தத் தெருவுக்குள் போனார்கள். பத்தடி போனதும் முன்னால் போனவர்கள் காணாமல் போனார்கள். சிரிப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு சிவப்பு ஸ்வெட்டர் தெரிந்தது, மறைந்தது, வேறிடத்தில் தெரிந்தது. யார் மாடி, யார் கீழ் என்று பிரித்துச் சொல்ல அந்த வெள்ளையில் யாராலும் முடியாது.

"முயல், உன் கேள்வியைச் சொல்லு" என்றாள் டீச்சர்.

முயல் சொன்னாள். முதலில் தயங்கித்தான். பிறகு கை தானாக எழுந்தது. எந்த மூலையில் பனி முதலில் கலைகிறது, எந்த வீட்டு வாசலில் கடைசியாக நிற்கிறது என்று நடந்து காட்டினாள்.

"தெருக் கோடில ஐஸ் கிடங்கு இருக்குல்ல, அதோட காத்துதான்" என்றான் ரேடியோ. தூக்கி நிறுத்தி விட்டால் போதும், பேசியே பள்ளிக்கூடம் கட்டிவிடுவான். "அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்க, கோடைலகூட சில்லுனு இருக்கும், எங்க மாமா அங்கதான் மீன் பெட்டி இறக்குவார், அவர் சொல்லுவார்..."

மாடி வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் பெண் ஒருத்தி உண்டு. அவளை எல்லோரும் நூத்துக்குநூறு என்பார்கள். அவள் டீச்சரின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், சரியான விடை எது?"

"எனக்குத் தெரியாதே."

"அப்ப யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கறேன். இந்தத் தெருவைப் பத்தி இதுவரைக்கும் யாரும் கேட்கல."

நூத்துக்குநூறின் உதடு நடுங்கியது. அடுத்த நொடி அவள் நடுத்தெருவில் நின்று அழ ஆரம்பித்துவிட்டாள். விடை இல்லாத இடத்தில் நிற்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. இருட்டில் படி தப்பியவளைப் போல நின்றாள்.

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். இதை மட்டும் அந்த அம்மா பார்த்திருக்கக் கூடாது என்று அவர் வேண்டியிருக்க வேண்டும். அந்த அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

முயல்தான் அவளிடம் போனாள். "எனக்கும் தெரியாது" என்றாள். "தெரியாம இருக்கறதுதான் நல்லா இருக்கும். நீ வேணா ஒரு விடை சொல்லேன். தப்பா இருந்தா மாத்திக்கலாம்."

நூத்துக்குநூறு மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். பனிக்குப் பின்னால் வெள்ளித் தட்டு மாதிரி சூரியன் வெளிறித் தெரிந்தது. தெருமுனையில் ஒரு உயரமான கட்டடம் அதைப் பாதி மறைத்திருந்தது.

"நிழல்" என்றாள் மெதுவாக. "கட்டடத்தோட நிழல் இங்க விழுது. வெயில் லேட்டா வருது. அதனால தெரு சூடாகறதும் லேட்டு. ஒரு குச்சி இருந்தா நிழல் எவ்வளவு தூரம் வரும்னு நான் கணக்குப் போட்டுச் சொல்வேன்."

யாரோ குச்சிக்கு ஓடினார்கள். அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. மாடிப் பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து தரையில் கணக்குப் போட்டார்கள். அது ஒரு அழகான விடையாகத்தான் இருந்தது. டீச்சருக்கேகூட இதுதான் என்று பட்டது.

"ஆனா அதே நிழல் எங்க தெருவுலயும் விழுதே" என்றது ஒரு குரல்.

ஒல்லியாக, எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்த பெண். குண்டூசி.

"எங்க வீட்டுக்கும் அந்தக் கட்டடம்தான் வெயிலை மறைக்கும். ஆனா எங்க தெருவுல பனி முதல்லயே போயிடுது. எங்க தெரு ரெண்டு பக்கமும் திறந்திருக்கும். இங்க அந்தப் பக்கம் கிடங்குச் சுவர். பனிக்கு வெளியில போக வழி இல்லையோ என்னமோ."

கணக்குப் போட்ட கைகள் நின்றன. நூத்துக்குநூறு நிமிர்ந்து குண்டூசியை வெறித்தாள். மறுபடி அழப்போகிறாள் என்று டீச்சர் பயந்தாள். அவளோ தான் போட்டதைக் காலால் அழித்துவிட்டு, "உங்க தெருவைக் காட்டு" என்றாள். அடுத்த நிமிடம் பாதி வகுப்பு பின் தெருப் பக்கம் பனிக்குள் ஓடியது. விளையாட்டு ஆசிரியர் விசிலடித்துக்கொண்டே பின்னால் ஓடினார்.

மேற்பார்வையாளர் மெல்ல நடந்து வந்தார். "அந்த ஒல்லிப் பொண்ணு உங்க வகுப்பு இல்லையா?"

"இல்ல மேடம். கீழ்."

"தேர்வு எழுதலையா?"

"எழுதினா. பாதிதான் முடிச்சா. நேரம் பத்தல."

"ம்" என்றார் அந்த அம்மா. "நேரம் கொடுத்திருந்தா?"

டீச்சர் குண்டூசி ஓடிய பக்கம் பார்த்தாள்.

"மேடம், இன்னிக்கு நடந்தது..." என்று தலைமையாசிரியர் குறுக்கே வந்தார். "பாடத் திட்டத்துல இதெல்லாம் கிடையாது. வழக்கமா நாங்க..."

"வழக்கமா என்ன நடக்கும்னு போன தடவை பார்த்துட்டேன் சார்." அவர் டீச்சர் பக்கமே பார்த்தார். "நாளைக்குப் பனி இல்லைன்னா என்ன பண்ணுவீங்க?"

அழகாக ஏதாவது சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. டீச்சர் அதை விட்டுவிட்டாள்.

"தெரியல மேடம். இவங்க ஒவ்வொருத்தர் மனசுலயும் ஏதோ ஒரு கேள்வி இருக்கும். அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்க எனக்குத் தோணினதே இல்லை. கணக்கை வேகமாப் போட வச்சேன், அவ்வளவுதான். இனிமே வாரத்துல பாதி நாள் அவங்க கேள்விக்கு விட்டுடணும். கீழ இருந்து யாரு வேணும்னாலும் வந்து சேர்ந்துக்கணும். ஒரே ஒரு தேர்வை வச்சு ஆளை எடுக்கறதை நிறுத்தணும். முதல்ல, எல்லாரும் ஒரே நேரத்துல சாப்பிடணும்."

"அப்படிப் பண்ணினா அது தனி வகுப்பாவே இருக்காதே" என்றார் தலைமையாசிரியர், நிஜமாகவே குழம்பிப்போய். கெட்ட மனுஷர் இல்லை. மேலிடத்துக்குப் பயந்தவர், அவ்வளவுதான்.

"சில நேரம் தனியா, சில நேரம் சேர்ந்து. கதவு மட்டும் திறந்திருக்கணும் சார்."

வகுப்பு இருக்குமா, மூடிவிடுவார்களா என்று மேற்பார்வையாளரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. குடையை விரித்துக்கொண்டு, பின் தெருவில் கேட்ட சத்தத்தை நோக்கி அவரும் பனிக்குள் போனார். கடைசியில் குடை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

சாயங்காலம் டீச்சர் நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாள். எக்ஸ்ரே அறை வாசலில் கடைசி ஆள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே மங்கலான வெளிச்சத்தில் அண்ணி படங்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். விளக்குப் பெட்டியின் மேல் யாருடைய கையோ எலும்பாகத் தெரிந்தது, விடியற்காலைப் பனியில் பார்த்த மரக்கிளை மாதிரி.

டீச்சர் நடந்ததை எல்லாம் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. சாப்பாட்டு மணியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

"என்கிட்ட பேசாததுக்கு நான் என்னென்னவோ நினைச்சேன்" என்றாள் அண்ணி. "சாப்பிடறப்ப பேச ஆள் இல்லாமப் போச்சா அவளுக்கு." உறையை மூடிவிட்டு, "உன்மேல எனக்குக் கோவம் இல்லைன்னு சொன்னா பொய்" என்றாள்.

"தெரியும் அண்ணி."

"ஆனா இன்னிக்கு நீ பண்ணினது எனக்குப் பிடிச்சிருக்கு. வகுப்பை மூடினா மூடட்டும்."

"மூடினா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது அண்ணி."

அண்ணி அவளைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, விளக்குப் பெட்டியை அணைத்தாள்.

"நான் முன்னாடி போறேன். குழந்தை தனியா இருக்கும். நீ ரொட்டி வாங்கிட்டு வா."

டீச்சர் ரொட்டி வாங்கினாள். வாங்கிக்கொண்டு ஆற்றங்கரை வழியாகச் சுற்றி நடந்தாள். வகுப்புக்காகச் சத்தத்தை அணைத்த போன் பைக்குள்ளேயே கிடந்தது. தண்ணீர் மேல் மெல்லிய ஆவி எழுந்துகொண்டிருந்தது. நாளைக்கு வரப்போகும் பனி இப்போதே தண்ணீரில் தூங்கிக்கொண்டிருக்கிறது போலிருந்தது. வகுப்பு போய்விட்டால் என்ன செய்வது என்று யோசிக்க நினைத்தாள். நினைப்பு நிற்காமல் பின் தெருவுக்கே ஓடியது. நூத்துக்குநூறு தன் கணக்கைக் காலால் அழித்த விதம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

வீட்டுக்குள் நுழைந்தபோது வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அண்ணன் வந்திருந்தான். யாரையோ எட்டாவது மாடியிலிருந்து இறக்கிய களைப்பில் காலை நீட்டியிருந்தான். சோபாவில் முயல் சுருண்டு படுத்திருந்தாள். அவள் தலைமாட்டில் அண்ணி, கையில் போனோடு.

"அந்த மேற்பார்வையாளர் அம்மா பேசினாங்க" என்றாள்.

டீச்சர் ரொட்டிப் பையை மேஜையில் வைத்தாள். "மூடறாங்களா?"

"இல்ல. மூடலை. நீ சொன்ன மாதிரியே நடத்தச் சொல்லிட்டாங்க. நடத்தறதுக்கு வேற டீச்சரை அனுப்பறாங்களாம்."

"வேற டீச்சரா? நான்?"

"மத்த ஊர்ப் பள்ளிக்கூடங்கள்லயும் இந்த மாதிரி வகுப்பு இருக்காமே. எல்லாத்தையும் மாத்தணுமாம். அதுக்கு உன்னைக் கேட்கறாங்க. தலைநகர்ல தங்கிப் பண்ணணும். ரெண்டு வருஷம். அடுத்த வாரமே வரணுமாம்."

அண்ணன் காலை மடக்கிக்கொண்டான். இந்தத் தடவை அவனுக்கு எந்த லிப்டும் நிற்கவில்லை.

"நான் கொஞ்சம் யோசிக்கணும் அண்ணி. நாளைக்குக் கூப்பிட்டுச் சொல்றேன்."

"இன்னிக்கே பதில் வேணும்னாங்க. அவங்க மேல சொல்லியாகணுமாம். உன் போனுக்கு எத்தனையோ தடவை போட்டாங்களாம், நீ எடுக்கலன்னு பள்ளிக்கூடத்துல என் நம்பர் வாங்கினாங்களாம்." அண்ணி போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். "வருவான்னு சொல்லிட்டேன்."



டீச்சர் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். உனக்கு வேறொன்றும் தெரியாது என்றாயே, இந்தா என்று கொடுத்த முகமா அது? இல்லை, என் பெண்ணை என்னிடம் விட்டுவிட்டுப் போ என்ற முகமா? இரண்டும் இருக்கிற மாதிரி இருந்தது. எது எவ்வளவு என்றுதான் தெரியவில்லை. அண்ணியின் கை குழந்தையின் தலைமயிரை ஒரே சீராகக் கோதிக்கொண்டிருந்தது.

"எங்க போறீங்க, அத்தை?"

முயல் தூங்கவில்லை. கண்ணைத் திறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.